கண் திறந்தபடி தூங்கினேன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பென்ஷனர் சங்கத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு மூளை டாக்டர் பேச வந்திருந்தார். பெண்மணி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. 'கவலையும் தூக்கமும்' என்று தலைப்பு. பேச்சு தொடங்கிப் பத்தாவது நிமிடம், எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்கள்.

"இவங்களுக்கெல்லாம் நான் தேவையே இல்லை போலிருக்கே!" என்று அந்தம்மா சிரித்தார்.

கேள்வி நேரம் வந்ததும் நான் எழுந்து நின்றேன். பொதுவாகக் கூட்டங்களில் கேள்வி கேட்கிற ஆள் இல்லை நான். டீ எப்போது வரும் என்று பார்க்கிற ஆள். ஆனால் இந்த ஒரு கேள்வி ஐம்பது வருஷமாக எனக்குள் கிடந்தது.

"டாக்டர்... கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு, ரெண்டு கால்ல நின்னுக்கிட்டே ஒரு மனுஷன் தூங்க முடியுமா?"

விழித்திருந்த பாதிப் பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"முடியும் சார். ஏன் கேக்குறீங்க?"

"அப்புறம் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். முடியும் சார்... இவ்வளவுதானா? இந்த இரண்டு வார்த்தைக்காகவா நான் ஐம்பது வருஷம் காத்திருந்தேன்?

நாற்பத்து நாலாம் வருஷம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டராகப் போட்டார்கள். ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். அங்கே இன்றைக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

அப்போது அங்கே ஒற்றை லைன். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம். அப்படியானால் மோதாதா? மோதாமல் இருக்கத்தான் டோக்கன். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு வண்டி போக வேண்டுமென்றால், அந்த இடைவெளிக்கான டோக்கன் டிரைவர் கையில் இருக்க வேண்டும். உள்ளங்கை கொள்ளும் இரும்பு. எந்த ஸ்டேஷன்களுக்கு நடுவே செல்லும் என்று அதன் மேல் பொறித்திருக்கும். தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டிக் கொடுப்போம். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். இருந்தால் யாரையும் கேட்க மாட்டார்.

வேலையில் சேர்ந்த அன்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். "தம்பி, மத்ததெல்லாம் பரவால்ல. கணக்கு தப்பலாம், டிக்கெட் தப்பலாம். டோக்கன் மாறிச்சுன்னா ரெண்டு வண்டி ஒரே எடத்துல நிக்கும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். நான் அந்த வாக்கியத்தோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தேன்.

எனக்கு இரவு ட்யூட்டி. மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை. பிறகு பகலில் தூக்கம் — அதாவது, தூங்க வேண்டும். லைனுக்குப் பத்தடி தள்ளி ரயில்வே குவார்ட்டர்ஸ். மனைவி தனம், நாலு மாதப் பெண் குழந்தை, நான். காலையில் பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுப்பேன். கண்ணை மூடியதும் டோக்கன் வரும். கடைசியாகப் போன கூட்ஸுக்குச் சரியான டோக்கன்தானா கொடுத்தேன்? பெயரைப் பார்த்தேனா? பார்த்த மாதிரி இருக்கிறதே... பார்த்தேனா? வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, அடுத்த ஸ்டேஷனிலிருந்து மணியும் வந்துவிட்டது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

தனம் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டாள். கசகசா அரைத்துப் பாலில் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் உலக்கை போடக் கூடாது என்று தினம் போய்ச் சண்டை பிடித்தாள். சிறுவாச்சூர் காளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். "அந்த அம்மனுக்கே வாரத்துல அஞ்சு நாள் ஓய்வு, எனக்கில்லையே" என்று கிண்டல் செய்தேன். "வாயக் களுவுங்க" என்றாள்.

எனக்கு ஆச்சரியம், இவள் எப்படித் தூங்குகிறாள் என்பதுதான். மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்படியே சாய்வாள். கூட்ஸ் வண்டி வீட்டையே உலுக்கிக்கொண்டு போகும். அலமாரியில் தம்ளர்கள் நடக்கும். அசைய மாட்டாள். தூளியில் குழந்தை லேசாக உதட்டைச் சப்பினால் போதும், சட்டென்று எழுந்து உட்கார்ந்திருப்பாள்! நாற்பது வேகன் காதில் விழவில்லை, உதடு சப்புவது விழுகிறது. இது என்ன காது?

இதைச் சொன்னதும் டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டம் முடிந்து, டீ கிளாஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். "காது இல்ல சார், மூளை. தூங்குறப்பவும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கும். எது நம்மளோடது, எது இல்லன்னு பிரிச்சு, நம்மளோடதுக்கு மட்டும் எழுப்பிவிடும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் தூங்கவே விடலை?"

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். தப்பிருந்தால் தப்பு என்னுடையது.

மூளையின் அடித்தண்டில் ஒரு நீலப் புள்ளி இருக்கிறதாம். பெயருக்கு இல்லை, நிஜமாகவே நீலம். பக்கத்துக்கு ஒன்று, சோற்றுப் பருக்கை அளவு. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய இழைகள் மூளை முழுக்க ஓடுகின்றன. ஆபத்து என்று தோன்றினால் அந்தப் பருக்கை நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை மூளை எங்கும் தெளித்துவிடும். எழுந்திரு, பார், ஓடு! அதே நேரம் சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற இன்னொன்றை ரத்தத்தில் விடும். நாம் தூங்கும்போது அந்தப் பருக்கை அடங்கிப் போகும். கனவு காணும் நேரத்தில் கிட்டத்தட்ட முழு மௌனமாம். ஆனால் மனதில் பயம் இருந்தால் அடங்காது. எதிரே நிற்பது புலியா, மனதில் நிற்கிற டோக்கனா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எழுபது வருஷத்துக்கு மேல் இந்தத் தலையைச் சுமந்து திரிகிறேன். உள்ளே நீல நிறத்தில் ஒரு பருக்கை உட்கார்ந்துகொண்டு, நான் தூங்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது... ஒரு நாளாவது தெரிந்ததா?

இன்னொன்றும் சொன்னார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே போகுமாம். அது சேரச் சேரக் கண் சொக்கும். ஒரு பக்கம் அது படுக்கச் சொல்கிறது, இன்னொரு பக்கம் பயம் எழுப்பிவிடுகிறது. "எது ஜெயிக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சார். அதான் ஆபத்தே. படுத்தா பயம் ஜெயிக்கும். தூக்கம் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். ஆனா விடாது. நீங்க அசந்திருக்கிற நேரமாப் பாத்து, சில விநாடி மட்டும் திருடிக்கிட்டுப் போயிடும். கண்ணு திறந்தே இருக்கும். கை வேலை செய்யும். ஆள் இருக்க மாட்டார்."

ஆள் இருக்க மாட்டார். எவ்வளவு சரியான வார்த்தை!

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நாளுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூக்கம். வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் எங்கள் பாயின்ட்ஸ்மேன் மாரிமுத்து, இரண்டு வண்டிக்கு நடுவே கிடைக்கும் கால் மணியில் பார்சல் மேடையில் துண்டை விரித்துக் குறட்டை விடுவார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமாக வரும். "எப்படிய்யா முடியுது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "எளுந்திரிச்சா வேலை, படுத்தா தூக்கம். நீங்க படுத்துக்கிட்டும் வேலை பாக்குறீங்க சார்" என்றார். நியாயமான பேச்சு. அதைக் கேட்டும் தூக்கம் வரவில்லை.

அன்று விடியற்காலை. வெளிச்சம் வந்துவிட்டது, ட்யூட்டி முடிய அரை மணிதான் இருந்தது. வடக்கேயிருந்து திருச்சி போகும் பாசஞ்சர் வந்து நின்றது. தெற்கேயிருந்து ஒரு மிலிட்டரி ஸ்பெஷல் வந்துகொண்டிருந்தது. நான்தான் அதற்கு லைன் கொடுத்திருந்தேன் — அதாவது, அனுப்பலாம் என்று தெற்கு ஸ்டேஷனுக்குச் சொல்லியிருந்தேன். ஸ்பெஷல் வந்து சேரும் வரை பாசஞ்சர் நிற்க வேண்டும். மாரிமுத்து அதற்காகத் தெற்குக் கோடியில் பாயின்ட் பக்கம் போயிருந்தார்.

பாசஞ்சர் டிரைவரிடம் டோக்கனை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனேன். அது வடக்கு டோக்கன். வேலை முடிந்த டோக்கன். அதை அங்கே இருக்கும் டோக்கன் மெஷினுக்குள் திரும்பப் போட வேண்டும். மெஷின் முன்னால் நின்றேன். பித்தளைப் பட்டையில் என் முகம் தெரிந்தது. இது வரை நினைவிருக்கிறது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, பிளாட்பாரத்தில் இன்ஜின் பக்கத்தில் நிற்கிறேன். கை வெறுமையாக இருக்கிறது. மேலே டிரைவர் கையில் பிரம்பு வளையம். நடுவில் ஒன்றும் இல்லை. நடந்தது, கொடுத்தது, எதுவுமே இல்லை.

டிரைவர் பெயர் சவரிமுத்து. ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள். கரி அள்ளிப் போட்டுப் படிப்படியாக மேலே வந்தவர். முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாராம். அதனால் அவருக்கு ஒரு வழக்கம். மற்ற டிரைவர்கள் டோக்கன் பையைத் தூக்கி மாட்டிவிட்டுக் கிளம்பும்போது, இவர் மட்டும் இரும்பை வெளியே எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, உரக்கப் படிப்பார். மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் படிக்கிற மாதிரி. எல்லாரும் கேலி செய்வோம். நான் உட்பட.

அன்றும் படித்தார். பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"சார்... இது நான் கொண்டாந்ததுங்க. எனக்கே திருப்பிக் குடுக்குறீங்க."

எனக்குப் புரியவே இல்லை. அவர் கீழே இறங்கி, டோக்கனை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "உள்ளார போயிப் போடுங்க சார். மொதல்ல அதப் பண்ணுங்க."

போய்ப் போட்டேன். திரும்பி வருவதற்குள் தெற்கே புகை தெரிந்துவிட்டது. ஸ்பெஷல் வந்தது.

நிற்காத வண்டி. ஓட்டத்திலேயே டோக்கனை மாற்றிக்கொண்டோம். மெதுவாகத்தான் போயிற்று. ஒவ்வொரு ஜன்னலாக என்னைத் தாண்டிப் போயிற்று. உள்ளே பட்டாளத்துக்காரர்கள். இன்னும் மீசை கூட அரும்பாத முகங்கள். ஒருவன் தோளில் ஒருவன் தலை. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் கைகள். மடியில் தொப்பி, பிளந்த வாய். அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன், நிற்கிற பாசஞ்சரிலும் அப்படித்தான். மூட்டையில் சாய்ந்து ஒரு கிழவர், பிள்ளையை அணைத்தபடி ஒரு தாய்.

எங்கோ ஒருவன் விழித்திருக்கிறான் என்ற தைரியத்தில்தானே இத்தனை ஜனங்கள் கண்ணை மூடுகிறார்கள்? யாரென்று தெரியாது, பெயர் தெரியாது, முகம் தெரியாது. இருந்தும் தூங்குகிறார்கள்! அந்த ஒருவன் நான். எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. பயத்தில் இல்லை. பயம் எல்லாம் அந்த நிமிடத்தில் எங்கோ போய்விட்டது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டேன் என்றுதான் மாரிமுத்து பிறகு சொன்னார்.

ஸ்பெஷலின் கடைசிப் பெட்டி தாண்டியதும் சவரிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். "எத்தன நாளாச்சு சார் தூங்கி?"

"மூணு வாரம்."

"மொகத்துலயே தெரியுது. இங்க பாருங்க, டோக்கன நான் வாங்கல, நீங்க குடுக்கல. ஒண்ணும் நடக்கல. நீங்க எளுதலன்னா நானும் எளுதல."

ஓடி வந்திருந்த மாரிமுத்துவும் தலையாட்டினார். "ஆமாங்க சார். பச்சப்புள்ள வச்சிருக்கீங்க. வேலை போயிட்டா என்னா பண்ணுவீங்க?"

நல்ல மனிதர்கள். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நாளைக்கும் இதே நான், இதே மெஷின், இதே தூக்கமில்லாத கண். அடுத்த வண்டியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற டிரைவர் வருவாரா? அந்தத் தூங்குகிற முகங்களைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. பாசஞ்சருக்குச் சரியான டோக்கனை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்டேஷன் டைரியை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். மேலிடத்துக்குத் தகவலும் நானே அனுப்பினேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து படித்துவிட்டு, வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

வீட்டுக்குப் போய்த் தனத்திடம் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். முழுதாகச் சொல்லி முடித்தேனா தெரியாது. ஏனென்றால் நான் தூங்கிவிட்டேன்.

ஆமாம் — வேலை போகப் போகிறது, விசாரணை வரப் போகிறது, அன்றைக்குத்தான் தூங்கினேன்! பாய் கூட விரிக்கவில்லை. கூட்ஸ் போனதாம், மெயில் போனதாம், குழந்தை கத்தியதாம். எதுவும் தெரியாது. நான் எந்தத் தப்பைச் செய்துவிடுவேனோ என்று மூன்று வாரம் காவல் காத்தேனோ, அது நடந்துவிட்டது. யாரும் சாகவில்லை. எழுதியும் கொடுத்தாயிற்று. இனி எதைக் காப்பது? "உங்க நீலப் புள்ளி அன்னிக்குத்தான் சார் அடங்கியிருக்கு" என்றார் டாக்டர். மாத்திரை இல்லை, கசகசா இல்லை. உண்மையை ஒரு தாளில் எழுதியதற்கு மூளைக்குள் ஒரு பருக்கை மௌனமாகிறது என்றால், நான் என்ன சொல்ல? எத்தனை முறை யோசித்தாலும் பிரமிப்பு அடங்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு விசாரணை அதிகாரி, தண்டவாளத்தில் இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு வரும் டிராலியில் வந்து இறங்கினார். தொப்பி, கோட்டு, தடித்த நோட்டு. குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்துவிட்டார். தனம் அதுவரை வேற்று மனிதர் யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"தூங்குறாருங்க."

"எழுப்பும்மா. விசாரணை."

"எளுப்ப மாட்டேங்க. மூணு வாரமாச்சு அவரு தூங்கி. வேலைய எடுத்துக்கணும்னா எடுத்துக்குங்க, எளுதிக்கிட்டுப் போங்க. எளுப்ப மட்டும் மாட்டேன்."

அதிகாரி அதட்டினாராம். தனம் நகரவில்லையாம். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் போட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், தொப்பியால் விசிறிக்கொண்டார். நல்ல நிழல், மத்தியான நேரம், அவரும் காலையிலிருந்து டிராலியில் குலுங்கி வந்தவர். கொஞ்ச நேரத்தில் தலை மார்பில் விழுந்துவிட்டது. டிராலிக்காரர்கள் இருவரும் அவர் மூக்கருகே வந்த ஈயைத் துண்டால் ஓட்டிக்கொண்டு நின்றார்களாம். தனம் அவர் பக்கத்திலும் யாரும் சத்தம் போட விடவில்லை.

நாலு மணிக்கு விசாரணை ஆரம்பித்தது. இரண்டு பேருமே முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ட்யூட்டியில் தூங்கினாயா?" நான் சொன்னதும் ஒன்றுதான். "நின்றுகொண்டிருந்தேன் சார். கண் திறந்திருந்தது. ஆனால் நான் அங்கே இல்லை." பத்து முறை கேட்டார், பத்து முறையும் அதையே சொன்னேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. டோக்கனைத் தொடாத இடத்துக்கு, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். நான் பார்த்த வேலையிலேயே நான் நன்றாகத் தூங்கிய வேலை அதுதான். வீட்டில், வீட்டில்!

ஆனால் என் வாக்குமூலத்தை மட்டும் அந்த அதிகாரி கடைசி வரை நம்பவில்லை. "நின்றுகொண்டு எவனும் தூங்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினேன் என்று எழுது" என்று பிடிவாதம் பிடித்தார்.

பாவம், அவருக்குத் தெரிந்த தூக்கம் அதுதானே!